வால் பக்கத்திலிருந்து

முதல் மாதம் கட்டியது
பதினேழாயிரத்து முன்னூற்று எழுபது.
வட்டிக்குப் பதினைந்தாயிரம் போக
கடனில் கழிந்தது இரண்டாயிரத்துச் சொச்சம்.
கொடுங்கையூரில் தரைத்தளம்,
ஐந்நூற்று நாற்பது சதுர அடி.
கணக்குப்படி அந்த மாதம் எங்களுக்குச் சொந்தமானது
முக்கால் சதுர அடிகூட இல்லை.
ஒரு காலை ஊன்றலாம்.
இன்னொரு காலுக்கு அடுத்த மாதம்.

"இருபது வருஷம்தானே, கட்டிடலாம் ஹெப்சி"
என்றார் தேவநேசன்.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் பில் போடுகிறவள்.
ரசீதின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
இன்று ஐயாயிரம் கூடுதலாகக் கட்டினால்
இருபதாம் வருஷத்தின் வாலில்
இரண்டு மாதம் அறுந்து விழும்.

அந்த ஐயாயிரம் வீட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது
என்று தேடியதுதான்
அதற்குப் பிறகு எங்கள் குடித்தனம்.

காசிமேட்டில் விடியற்காலை வஞ்சிரம் வாங்குவது
வேறு ஜனம்.
நாங்கள் பத்து மணிக்குமேல் போவோம்,
ஐஸ் உருகி, கூடைக்காரம்மா
புடவையை உதறிக்கொண்டு எழும் நேரம்.
மிச்சமிருக்கும் கானாங்கெளுத்தி, கூறு நூறு ரூபாய்.
கிறிஸ்துமஸ் துணி எம்.சி. ரோட்டில்,
ஆடித் தள்ளுபடியில்.
ஷேர் ஆட்டோவில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கினால்
ஐந்து ரூபாய் மிச்சம்;
குப்பைமேட்டுப் புகைக்குள் மூக்கைப் பொத்தி நடந்தோம்.
தேவநேசனின் கடைவாய்ப் பல்
மூன்று வருஷம் கிராம்பில் ஓடியது.

யார்டில் அவருக்கு ஓவர்டைம் வந்த மறுநாள்
நான் வங்கியில் நிற்பேன்.
கவுண்டர்க்காரர் ஒவ்வொரு தரமும் கேட்பார்:
"தவணையைக் குறைக்கவா, மாதத்தைக் குறைக்கவா?"
கறிக்கடையில் 'எலும்பில்லாம' என்று சொல்கிற குரலில்
சொல்வேன்: "மாதத்தை."

வெள்ளம் வந்த டிசம்பரில்
ஃப்ரிட்ஜ் ஹாலுக்குள் மிதந்தது.
அந்த வருஷம் எதையும் அறுக்கவில்லை.
பிறகு வட்டி ஏறியது.
"தவணை அதேதான் மேடம், மாதம்தான் கூடும்."
பதினான்கு மாதம்.
பல்லி வால் மாதிரி முளைத்திருந்தது.

அன்று ராத்திரி நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.
தேவநேசன் கொத்து பரோட்டா வாங்கி வந்தார்,
மூன்று பொட்டலம்.
"எவ்வளவு?" என்று கேட்டேன்.
"சாப்பிடு" என்றார்.

நோட்டில் இடப்பக்கம் கட்டியது.
வலப்பக்கம் வாங்காதது.
அதை ஏன் எழுதினேன் என்று தெரியாது,
எழுதினால் பாதி வாங்கின மாதிரி இருந்தது.
மிக்ஸி.
ஜன்னலுக்குக் கொசுவலை.
மாமல்லபுரம் ஸ்கூல் டூர், எழுநூறு.
ஷாரோனுக்கு ஸ்கேட்டிங் ஷூ, சைஸ் மூன்று.

பதினோராம் வருஷம் ஒரு வியாழக்கிழமை
மீதி அறுபத்தோராயிரத்தையும் கட்டினோம்.
மேனேஜர் காபி சொன்னார்.
"இவ்வளவு நல்ல கஸ்டமர்,
புதுசா ஒரு லோன் போடலாமே, கார் வாங்கலாம்."
"எங்க தெருவில் கார் திரும்பாது சார்"
என்றார் தேவநேசன்.

பத்திரம் கைக்கு வர இன்னும் மூன்று வாரம்.
பழைய கோந்து வாசனை.
என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது.
கையெழுத்துப் போட்ட அன்றே
தப்பாகத்தான் இருந்திருக்கும்,
அன்றைக்கு யார் படித்தது.

ஷாரோன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
வலப்பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.
"சைஸ் மூணா? அவ்ளோ சின்னதாவா இருந்தேன்?"
காலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.
இப்போது ஆறு.
கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
அவள் சிரித்தாள்.

ஐந்தாம் தேதி போன் சத்தம் போடவில்லை.
எட்டேமுக்கால்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேவநேசன் பல் டாக்டரிடம் போய் வந்தார்.
இனி அடைக்க முடியாதாம்,
பிடுங்கத்தான் வேண்டுமாம்.
"பிடுங்கட்டும், அதுக்கு மாசத் தவணை கிடையாது"
என்றார், வீங்கின கன்னத்தோடு.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில்
கை தானாகக் கம்பியைத் தட்டிவிட்டது,
ஒரு ஸ்டாப் முன்னாலேயே.
இறங்கிய பிறகுதான் உறைத்தது.
டிரைவர் ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டு நடந்தேன்.